அணைந்த விளக்குகள் சொல்லும் வரலாறு

பயன்பாடு முடிந்தவுடன் குப்பைக்குச் செல்வதே பெரும்பாலான பொருள்களின் விதி. எரிந்து தீர்ந்த மின்விளக்கைப் பாதுகாப்பார் அரியர். பழுதுற்ற வானொலியின் உள்ளிருக்கும் கண்ணாடிக் குழல்களைக் கழற்றிப் பார்ப்பார் அவரினும் அரியர். எனினும் இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் வளர்ச்சியைத் தொடங்கிவைத்த தடயங்களுள் பல அந்தக் கண்ணாடிக் கூடுகளுக்குள்ளேயே அடங்கியுள்ளன. அவற்றை இனங்காணவும் சிதையாமல் காக்கவும் கற்பது, ஏடுகளில் இடம்பெறாத வரலாற்றைப் படிக்கக் கற்பதாகும்.

கரியிழையில் பிறந்த ஒளி

மின்விளக்கு ஒருவரது கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதற்காக உழைத்தனர். காற்றை அகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கரியிழையைப் பொருத்தி, அதில் மின்னோட்டத்தைச் செலுத்தி ஒளிரச் செய்வதே இருவரும் கண்ட வழி. எடிசன் 1879ஆம் ஆண்டில் கரியாக்கிய பருத்தி நூலைப் பயன்படுத்தினார். பின்னர் சப்பானிய மூங்கிலின் நாரைத் தேர்ந்தெடுத்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பெற்றோருக்குப் பிறந்த லூயிஸ் லாட்டிமர் என்னும் கருப்பினப் பொறியாளர், கரியிழையைச் செம்மையாகச் செய்யும் முறைக்கு 1882ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். எடிசனின் பெயரை உலகம் அறியும். லாட்டிமரின் பெயரை அறிந்தோர் சிலரே. பழங்குமிழ்களைத் தேடுவோர் இத்தகைய மறைந்த உழைப்பையும் சேர்த்தே தேடுகின்றனர்.

குமிழின் வயதை அறிதல்

மரத்தின் வயதை அதன் வளையங்கள் உணர்த்துவதுபோல, குமிழின் வயதை அதன் உறுப்புகள் உணர்த்துகின்றன. முதலில் நோக்க வேண்டியது அதன் உச்சி. தொடக்கக் காலத்தில் குமிழின் உச்சியில் இணைத்த சிறு குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்து, அவ்விடத்தைத் தீயால் உருக்கி மூடினர். அதனால் உச்சியில் கூரிய முனை ஒன்று எஞ்சியது. 1920ஆம் ஆண்டையொட்டி அடிப்பகுதி வழியாகவே காற்றை அகற்றும் முறை பரவியபின் அம்முனை மறைந்தது.

அடுத்து நோக்க வேண்டியது மின்னிழை. ஒன்றிரண்டு வளைவுகளுடன் கொண்டை ஊசிபோல் தோன்றுவது கரியிழை. டங்ஸ்டன் உலோகத்தின் மின்தடை கரியினதைவிடக் குறைவு. ஆதலால் அதனை நெடிய இழையாக அமைக்க வேண்டியிருந்தது. கண்ணாடித் தண்டைச் சுற்றிய கொக்கிகளில் மேலும் கீழுமாகக் கூண்டுபோல் கட்டப்பட்ட இழை, டங்ஸ்டனின் தொடக்க காலத்தைக் காட்டும். முறியும் இயல்புடைய டங்ஸ்டனை இழுத்துக் கம்பியாக்கும் முறையை 1910ஆம் ஆண்டையொட்டி வில்லியம் கூலிட்ஜ் கண்டறிந்தார். 1913ஆம் ஆண்டில் இர்விங் லாங்மியூர், வெற்றிடத்திற்கு மாறாக வளிமத்தை நிரப்பி, இழையைச் சுருளாக்கும் முறையை உருவாக்கினார். அதன்பின் கூண்டு சுருங்கிச் சுருளாயிற்று.

மூன்றாவது சான்று அடிப்பகுதி. அமெரிக்காவில் எடிசனின் திருகு வகையோடு வேறு சில வகைகளும் தொடக்கத்தில் போட்டியிட்டன. இறுதியில் திருகு வகையே நிலைத்தது. இரு பக்கமும் சிறு முனைகள் நீட்டியிருக்க, அழுத்தித் திருப்பிப் பொருத்தும் வகை பிரித்தானியாவில் வளர்ந்தது. நம் நாட்டு வீடுகளில் பரவியதும் அதுவே. குமிழில் ஒட்டப்பட்ட தாளில் வாட் அளவு இல்லாமல், 16 மெழுகுவர்த்தித் திறன் என்பதுபோல் குறிக்கப்பட்டிருந்தால், அது பழமைக்கு மற்றுமொரு சான்றாகும்.

இவற்றுள் எந்த ஒன்றையும் தனித்து நம்பலாகாது. இக்காலத்தில் அலங்காரத்திற்காகச் செய்யப்படும் குமிழ்களிலும் கூரிய முனையும் கூண்டு போன்ற இழையும் இடம்பெறுகின்றன. பல சான்றுகள் ஒருங்கே பொருந்தும்போதுதான் முடிவுக்கு வருதல் தகும்.

ஏற்றாமல் அறியும் வழி

பழைய குமிழ் கையில் கிடைத்தவுடன், எரிகிறதா என்று பார்க்கத் தூண்டும் ஆவல் இயல்பானது. அந்த ஆவலே அதற்குப் பகையாகும். 110 வோல்ட் மின்னழுத்தத்திற்காகச் செய்யப்பட்ட அமெரிக்கக் குமிழை நம் வீட்டு 230 வோல்ட்டில் பொருத்தினால், நூறாண்டு காத்திருந்த இழை நொடியில் அற்றுப்போகும். அதனை மீண்டும் ஒட்டுவார் இல்லை.

அதற்கு மாற்றாக மின்தடையை அளக்கும் கருவி உதவுகிறது. 230 வோல்ட்டில் 60 வாட் ஆற்றலுடன் எரியும் குமிழின் மின்தடை, எரியும்போது ஏறத்தாழ 880 ஓம். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை இந்த அளவில் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடும். கரியிழையோ இதற்கு நேர்மாறானது; குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை, எரியும் நிலையில் உள்ளதைவிட மிகுதி. ஆகவே கருவி 70 ஓம் அளவில் காட்டினால் அது டங்ஸ்டன். ஆயிரம் ஓமைக் கடந்தால் கரி. கருவி செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிதாதலால் இழைக்கு ஊறு நேராது. குமிழை ஏற்றாமலே அதன் உள்ளியல்பை அறிந்துகொள்ள முடிகிறது.

குமிழிலிருந்து குழலுக்கு

எடிசனின் குமிழ்களில் நாளடைவில் கண்ணாடியின் உட்புறம் கருமை படிந்தது. காரணம் காண முயன்ற அவர், 1880களில் குமிழுக்குள் மற்றோர் உலோகத் தகட்டைப் பொருத்தினார். சூடான இழைக்கும் அத்தகட்டுக்கும் இடையே வெற்றிடத்தின் வழியாக மின்னோட்டம் பாய்வதையும், அது ஒரு திசையில் மட்டுமே பாய்வதையும் கண்டார். அவ்விளைவின் முழுப் பயனை அவர் உணரவில்லை. எடிசன் நிறுவனத்தின் இலண்டன் கிளைக்கு ஆலோசகராக இருந்த ஜான் ஆம்புரோஸ் பிளெமிங், 1904ஆம் ஆண்டில் அதனைக் கம்பியில்லாத் தந்தியின் அலைகளை உணரப் பயன்படுத்தினார். நீரை ஒரு வழியில் மட்டும் விடும் அடைப்பிதழைப்போல் செயற்பட்டதால் அதற்கு 'வால்வு' என்னும் பெயர் அமைந்தது. 1906ஆம் ஆண்டில் லீ டி பாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பியமைப்பைச் சேர்த்தார். அதில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. நலிந்த ஒலிக்குறிகையை வலுப்படுத்தும் வழி திறந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் தொடக்ககாலக் கணினியும் அவ்வழியே வந்தன. விளக்கில் படிந்த கருமையே மின்னணுவியலுக்கு வித்தாயிற்று.

குழலைப் படித்தல்

வெற்றிடக் குழலின் வயதையும் அதன் வடிவமே கூறும். பித்தளை அடியும் கூரிய உச்சியும் கொண்டவை 1920களின் முற்பகுதியைச் சார்ந்தவை. நடுவில் எட்டு முள்களுக்கு வழிகாட்டும் தண்டு உள்ள அடிப்பகுதி 1935ஆம் ஆண்டில் தோன்றியது. அடிப்பாகமே இன்றிக் கண்ணாடியிலிருந்து நேரே முள்கள் நீளும் சிறு குழல்கள் அதன் பின்னர்ப் பரவின.

குழலின் மேல் உள்ள எழுத்துகளும் எண்களும் பொருளற்றவை அல்ல. ஐரோப்பிய முறையில் 'இசிசி83' என்பதன் முதல் எழுத்து, இழையைச் சூடாக்க 6.3 வோல்ட் வேண்டும் என்பதைக் குறிக்கும். அடுத்த இரண்டு 'சி'க்கள், உள்ளே இரு மும்முனையங்கள் இருப்பதைக் குறிக்கும். எண்ணின் தொடக்கத்திலுள்ள 8, ஒன்பது முள் அடிப்பகுதியைக் குறிக்கும். இதே குழல் அமெரிக்காவில் '12ஏஎக்ஸ்7' எனப்பட்டது. இந்தியாவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பெங்களூரில் 1961ஆம் ஆண்டு முதல் வானொலிக் குழல்களை உற்பத்தி செய்தது. அவற்றுள் சில இன்றும் பழைய வானொலிப் பெட்டிகளில் காணக்கிடைக்கின்றன.

குழலின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் படிவு, எஞ்சிய காற்றை ஈர்ப்பதற்காக வைத்த உலோகத்தினது. அது பாலைப்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்பது பொருள். அக்குழல் இனி இயங்காது. ஆயினும் காட்சிப்பொருளாகும் தகுதியை இழப்பதில்லை.

திரட்டலும் காத்தலும்

குழலில் அச்சிட்ட எழுத்துகள் விரல் பட்டாலே அழியக்கூடியவை. ஈரத்துணியால் துடைத்தால் அடையாளமே போய்விடும். மங்கிய எழுத்தைப் படிக்க, கண்ணாடியின் மீது மெல்ல மூச்சை விட்டால் போதும். படியும் ஆவியில் எழுத்து துலங்கும். பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் பழமையின் சான்றை அழிப்பதே ஆகும். சில குழல்களில் பாதரசம் உண்டு; உடைந்தால் தீங்கு விளையும். பழைய வானொலியின் மின்தேக்கிகளில், இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஆதலால் பயிற்சியில்லாதார் அதனைத் திறத்தலாகாது.

பொருளைக் காத்தல் பாதி. அதைப் பற்றிய குறிப்பைக் காத்தல் மீதி. எங்கு, யாரிடமிருந்து, எந்நாளில் கிடைத்தது என்பதைச் சிறு சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். எடிசனின் உதவியாளராகிய வில்லியம் ஹாமர், தம் பணிக்காலத்திலிருந்தே குமிழ்களைத் திரட்டினார். அத்தொகுப்பு 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயி உலகக் கண்காட்சியில் இடம்பெற்றது. குமிழ்கள் புதியனவாக இருந்த காலத்திலேயே அவற்றை வரலாறு எனக் கண்டவர் அவர்.

கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901ஆம் ஆண்டில் ஏற்றப்பட்ட கரியிழைக் குமிழ் ஒன்று இன்றும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அது விதிவிலக்கு. மற்றவை அணைந்தே நம்மிடம் வருகின்றன. ஏற்றி இழப்பதைவிட, ஏற்றாமல் அறிந்து, அறிந்ததைக் குறித்து, அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் கடமை. பரணில் கிடக்கும் பழைய பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று. உள்ளே ஒரு காலத்தின் ஒளி காத்திருக்கலாம்.