பி.பி.க்குப் போனில் வைத்தியம் பார்க்கலாமா?

பார்க்கலாம். சொல்லப்போனால், பி.பி.க்கு அது நன்றாகவே பொருந்தும். பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் 150 என்று காட்டும். நோயால் ஏறியதா, அலைச்சலால் ஏறியதா? ஒரே ஒரு தடவை அளந்ததை வைத்து டாக்டராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு வாரம் அளந்து எழுதிய நோட்டு கையில் இருந்தால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் போனிலேயே முடிவெடுக்கலாம்.

இங்கிலாந்தில் சுமார் 1,200 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் லான்செட் இதழில் வந்தது. வீட்டில் அளந்து மருத்துவருக்கு அனுப்பியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட ஓராண்டில் மேல் அழுத்தம் 5 புள்ளி அளவுக்குக் குறைவாக இருந்தது. அந்த எண்களைப் பார்த்து மருந்தை மாற்றியதால் கிடைத்த பலன் இது. மெஷினை வாங்கி அலமாரியில் வைத்தால் ஒன்றும் குறையாது.

எல்லாம் அளக்கிற விதத்தில் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டுவதை விட்டு, மேல்கையில் கட்டும் மெஷினாக வாங்குங்கள். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை, நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் இருக்கட்டும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றாதீர்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை அளந்து, வந்ததை வந்தபடி எழுதுங்கள். நல்ல எண் வரும்வரை அளந்து அதை மட்டும் எழுதுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்! வீட்டில் சராசரி 135/85-ஐத் தொட்டாலே அதிகம்தான்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் வீடியோவில் டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம். போனும் மெஷினும் இல்லாத வீடுகளுக்கு, தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்களே வந்து அளந்து, மாத்திரையும் தருகிறார்கள்.

அளவு சரியாக வருகிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக வருகிறது. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், கைகால் மரத்துப்போதல் என்று ஏதாவது இருந்தால் வீடியோவில் டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.