கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல!

பள்ளிக்குப் புறப்படும் மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போடுகிறாள் ஒரு தாய். பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறது. "ஒழுங்காகக் குளிக்கிறாயா, இல்லையா?" என்று அதட்டுகிறாள். மறுநாள் சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். அதற்கடுத்த நாள் பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறாள். பிள்ளை வலியால் நெளிகிறது. கறுப்பு மட்டும் போகவில்லை. கடைசியில் பாசார் மாலாமிலிருந்து ஒரு சின்ன டப்பி வீட்டுக்கு வருகிறது. ஏழே நாளில் வெளுத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம்!

குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தோட்ட லயமானாலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான் வீடானாலும் சரி, நம் ஜொகூர்த் தாய்மார்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. அந்த டப்பி அதற்கு மருந்தும் அல்ல.

அது என்ன கறுப்பு?

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட்டுத் துணி போலாகிக் கறுத்துப் போவதை மருத்துவர்கள் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்பார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. காரணம் மனத்தில் நுழைந்தால் போதும்.

நாம் உண்ணும் சோறும் சீனியும் இரத்தத்தில் சர்க்கரையாகக் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின். உடல் பருத்துப் போனவர்களுக்கு இன்சுலினின் சொல் எளிதில் எடுபடுவதில்லை. அதனால் உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அப்படி மிகுந்துபோன இன்சுலின் தோலின் அணுக்களையும் தூண்டிவிடுகிறது. அவை பெருகித் தோல் தடிக்கிறது, கறுக்கிறது.

ஆக, அந்தப் பட்டை பல வேளைகளில் நீரிழிவு வருமுன் அடிக்கும் எச்சரிக்கை மணி. வேறு காரணங்களாலும் இது வரலாம் என்பதால் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் பரிசோதிக்காமல் விடவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகி இன்னும் கறுக்குமே தவிர வெளுக்காது.

நம் நிலைமை என்ன? மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 3 பேர் நீரிழிவுக்காரர்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில், நாடு முழுவதும் நீரிழிவு உள்ள பெரியவர்களில் 5 பேருக்கு 2 பேர், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள். மணி அடித்தும் காதில் விழாதவர்கள் அவர்கள்.

டப்பிக்குள் என்ன இருக்கிறது?

திடீரென்று வெளுக்க வைக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாவதை அது தடுப்பதால் முகம் வெளுத்தது போல் தோன்றும். அதோடு அது நிற்பதில்லை. தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. கால் வீங்குவதும் சிறுநீர் நுரைத்துப் போவதும் அதன் அறிகுறிகள். பூசியவரின் துவாலையிலும் தலையணையிலும் ஒட்டிக்கொண்டு, பூசாத குழந்தையையும் அது தொடும்.

ஜப்பானின் மினமாட்டா ஊரில் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் உண்ட மக்களை முடமாக்கிய கொடுமை 1956இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. பாதரசம் சேர்த்த முகக்களிம்புகளை ஒழிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு விதிகளின்படி, அழகுப் பொருள் எதுவாயினும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாகி, 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாததை விற்பவருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் எண் இருந்தால் மட்டும் போதாது. பதிவான பொருள்களிலும் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் போன்றவை அகப்பட்டுப் பதிவு ரத்தானது பலமுறை நடந்திருக்கிறது. தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பியையும், நாள் கணக்குச் சொல்லி வெளுப்பதாக ஆசை காட்டும் டப்பியையும் கையால்கூடத் தொடாதீர்கள்.

கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்? வெயிலில் பால் வெட்டியவர்களுக்கும் செம்பனைக் குலை அறுத்தவர்களுக்கும் அந்த நிறந்தான் குடையாக இருந்தது. தோலுக்கு வேண்டியவை தொப்பி, முழுக்கைச் சட்டை, மிதமான சோப்பு, குளித்தபின் கொஞ்சம் தேங்காயெண்ணெய். அவ்வளவே.

மருந்து அடுப்படியில்

"எங்கள் தாத்தா சீனி போட்டுத்தானே தேத்தண்ணி குடித்தார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அவர் விடியுமுன் பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால் வாளியைத் தோளில் சுமந்து நடந்தார். நாம் மோட்டார் சைக்கிளில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அவர் குடித்ததைவிட அதிகமாகக் குடிக்கிறோம்.

டப்பாப் பால் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால், இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. கடைத் 'தே தாரிக்' ஒரு கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று வையுங்கள். நாளுக்கு மூன்று கிளாஸ் குடித்தால் பன்னிரண்டு தேக்கரண்டியைத் தாண்டிவிடும்! ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டி அளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனி மிகுந்த டின் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் வரி போட்டிருக்கிறது. வீட்டில் நாமே கலக்கும் கிளாசுக்கு வரி போட ஆளில்லை. அம்மாதான் போட வேண்டும்.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கடையில் 'குராங் மானிஸ்' என்றும், பிறகு 'தே ஓ கோசோங்' என்றும் கேட்கப் பழகுங்கள். தட்டிலே சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையைப் பின்பற்றுங்கள். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு. அரைப் பங்கு காய்கறியும் பழமும். கொல்லை முருங்கைக் கீரைக்கும், வெண்டைக்கும், காங்கோங்குக்கும் காசு அதிகமில்லை. சாப்பிட்டபின் அரைமணி நேரம் குடும்பமாக நடந்து வாருங்கள். எடை குறையக் குறைய, கழுத்துக் கறுப்பும் மெல்ல மெல்ல மங்கக்கூடும். ஏழு நாளில் அல்ல, மாதங்கள் ஆகும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் கழுத்தைக் காட்டுங்கள். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேளுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரே ஒரு வெள்ளி. டப்பிக்குக் கொடுத்த காசில் எத்தனை முறை போய் வரலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இனி மகளின் பின்னலைத் தூக்கிப் பார்க்கும்போது அதட்ட வேண்டாம், அம்மா. அவள் மேல் தப்பில்லை. அவளோடு சேர்ந்து நீங்களும் சீனியைக் குறையுங்கள்.