உங்களுக்குத் தெரியுமா? கல்யாணம் பேசும் ஆங்கிலம்

ஆங்கில மரபுத்தொடரின் அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மறந்துபோகும். அது பிறந்த கதையும் புழங்கும் இடமும் தெரிந்தால் நாக்கில் நிற்கும்.

● ‘டை தி நாட்’ என்றால் கல்யாணம் செய்துகொள்வது. நம் ஊரில் முடிச்சுப் போடுபவர் மாப்பிள்ளை. ஆங்கிலத்தில் மணப்பெண்ணும் ‘ஐ டைட் தி நாட்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

● ‘ஹி பாப்ட் தி கொஸ்டின்’ என்று தோழி சொன்னால், ‘என்ன கேள்வி?’ என்று கேட்காதீர்கள். ‘என்னைக் கட்டிக்கிறியா?’ என்பதுதான் அந்தக் கேள்வி. நீ என்ன பதில் சொன்னாய் என்று கேளுங்கள்.

● குதிரையை வண்டியில் பூட்டுவது ‘ஹிட்ச்’. அதிலிருந்து வந்த ‘கெட் ஹிட்ச்ட்’ என்றாலும் கல்யாணம் செய்துகொள்வதுதான்; அது நண்பர்களின் அரட்டைக்குப் பொருந்தும். லீவ் லெட்டரில் ‘கெட்டிங் மேரீட்’ என்றே எழுதுங்கள்.

● ‘ஷி காட் கோல்டு ஃபீட்’ என்றால் முகூர்த்தம் நெருங்கியதும் தயங்கிப் பின்வாங்கினாள் என்று பொருள். வீடு வாங்குவது, வேலை மாறுவது போன்றவற்றுக்கும் இதைச் சொல்லலாம்.

● ‘பெட்டர் ஹாஃப்’ மனைவிக்கு மட்டும் உரியதல்ல, கணவருக்கும் பொருந்தும். 1590-இல் அச்சான, ஆங்கிலக் கவிஞர் ஃபிலிப் சிட்னியின் ‘ஆர்கேடியா’விலேயே இந்தத் தொடர் இருக்கிறது.

● ‘ஹனிமூன்’ 1546-லேயே அச்சேறிய சொல். தொடக்கத்தில் பொங்கும் புது மோகம் பிறகு தணியும் என்று 1552-இல் வந்த அகராதி ஒன்று அதற்கு விளக்கம் தந்தது. புதிய அரசின் முதல் சில மாதங்களை ‘ஹனிமூன் பீரியட்’ என்பதும் அதே பொருளில்தான்.

● 1754-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரை மீறி மணமுடிப்பது கடினமானது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லவில்லை. அங்கே அப்போது சாட்சிகள் முன்னிலையில் சம்மதம் சொன்னாலே போதுமானதாக இருந்தது. எனவே காதலர்கள் எல்லையோர கிராமமான கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். கொல்லுப்பட்டறையிலேயே கல்யாணம் நடந்தது. ‘கிரெட்னா கிரீன் வெடிங்’ என்றால் ஓடிப்போய்ச் செய்துகொள்ளும் கல்யாணம்.

● அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. பலர் தரையில் வைத்த துடைப்பத்தை ஜோடியாகத் தாண்டி, தம் மக்கள் முன்னிலையில் தம்பதியானார்கள். அதுதான் ‘ஜம்ப் தி ப்ரூம்’. 1976-இல் அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவல் வெளிவந்த பிறகு இந்த வழக்கம் புத்துயிர் பெற்றது; அலங்கரித்த துடைப்பத்தை இன்றும் மணமக்கள் தாண்டுகிறார்கள். பறிக்கப்பட்ட உரிமையை நினைவில் வைத்திருக்கும் தொடர் இது. விளையாட்டாகச் சொல்லாமல் மரியாதையோடு பயன்படுத்துங்கள்.