நெட் கால் துபாய்க்குப் போகும்... 108-க்குப் போகாது!

தீபாவளி நெருங்கினால் விருதுநகர் மாவட்டத்தில் போன் ஓயாது. சிவகாசிக் கடைகளுக்கு வெளியூர் ஆர்டர், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலைகளில் கடைசி நேர வேலை, நடுவில் துபாயில் இருக்கும் மகனின் ராத்திரி அழைப்பு. ‘வாட்ஸ்அப்ல கூப்பிடு, காசு மிச்சம்’ என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அழைப்பு எங்கே நம்மைக் கைவிடும் என்பதுதான் பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

நாம் ‘அலோ’ சொன்னதும், செயலி நம் குரலை நொடிக்குச் சுமார் ஐம்பது துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண் போட்டு நெட்டில் விடுகிறது. துண்டுகள் வேறு வேறு வழியில்கூடப் போகலாம். எதிர்முனையில் இருக்கும் போன் அவற்றைச் சரவெடி கோர்ப்பதுபோல வரிசையாகக் கோர்த்துக் குரலாக்குகிறது. சில துண்டுகள் தொலைந்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும். 150 மில்லி செகண்டுக்கு மேல் தாமதமானால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவோம். அப்போது போனைத் தட்டிப் பிரயோஜனமில்லை. வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குரலுக்கு நிமிடத்துக்கு அரை எம்.பி. அளவுக்குத்தான் செலவாகும். வீடியோ அதைப் போலப் பல மடங்கு தின்னும்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் ‘சாதா கால்’ என்று நினைப்பதும் இப்போது பெரும்பாலும் இதே வகைதான். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அதன் எல்லா அழைப்புகளும் ‘வோல்ட்டி’ எனப்படும் நறுக்கிக் கோர்க்கும் முறையில்தான் போகின்றன. ஆனால், அந்தத் துண்டுகளுக்கு நெட்வொர்க்கில் முன்னுரிமை உண்டு, நம் டேட்டாவிலும் கை வைக்காது. டேட்டா தீர்ந்தபின் வாட்ஸ்அப் படுத்துவிட்டாலும் சாதா அழைப்பு போவது இதனால்தான்.

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், அழைப்புக்குத் தடை. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலிகளில் பேசலாம். ‘வி.பி.என் போட்டுப் பேசுப்பா’ என்று இங்கிருந்து யோசனை சொல்லாதீர்கள். குற்றத்துக்கு வி.பி.என் பயன்படுத்தினால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. சவுதியில் 2017-லேயே இந்தத் தடை தளர்ந்துவிட்டது.

அடுத்தது, சீசன் தொல்லை. ‘அண்ணாச்சி, சிவகாசி ஃபேக்டரியில இருந்து பேசுறோம், நேரடி விலை, பாதிப் பணம் இப்ப போடுங்க, கூரியர்ல வீட்டுக்கே வந்துரும்.’ புரொஃபைல் படத்தில் மத்தாப்பு, பெயரில் ஏதோ ஃபயர்வொர்க்ஸ். வாட்ஸ்அப் கணக்கு தொடங்க ஓ.டி.பி ஒன்று போதும். பிறகு பெயரும் படமும் வைத்துக்கொள்பவர் இஷ்டம். சாதா அழைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து நெட் வழியாக வரும் அழைப்பை +91 எண்போலக் காட்டும் வித்தை உண்டு. அதைத் தடுக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி போலி அழைப்புகள் பிடிபட்டன. ‘சிம் பாக்ஸ்’ என்றொரு பெட்டியும் இருக்கிறது. நிறைய சிம்களைச் செருகி வைத்து, வெளிநாட்டு நெட் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் சட்டவிரோத வேலை அது. அந்த சிம்மில் ஒன்று நம் பெயரில்கூட இருக்கலாம். ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் நம் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் பட்டாசு விற்க 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கூரியரிலும் தபாலிலும் பட்டாசு அனுப்பக் கூடாது. அதனால், கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்லும் குரல் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அங்கேயே போனை வைத்துவிடலாம். கடை நிஜம்தானா என்று பார்க்க, வந்த எண்ணையே திருப்பிக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை. 04562-ல் தொடங்கும் கடை லேண்ட்லைனை வேறு வழியில் தேடி, நீங்களாக அழையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீட்க வழி.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இந்தப் பகுதிக்கு உண்டு. வெடிச் சத்தம் கேட்டதும் வீட்டிலிருப்பவர்கள் முதலில் செய்வது, வேலைக்குப் போனவரை வாட்ஸ்அப்பில் அழைப்பதுதான். பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. அதனால் ஒன்றும் ஆகாத ஆலையிலும் போன் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். திரையைக் கவனியுங்கள். ‘ரிங்கிங்’ என்று வந்தால் அழைப்பு அந்த போனை எட்டிவிட்டது. ‘காலிங்’ என்றே நின்றால் அந்த போனுக்கு நெட் இல்லை, அவ்வளவுதான். அதை வைத்து வேறெதையும் கற்பனை செய்ய வேண்டாம். சாதா எண்ணில் முயலுங்கள், முடியாவிட்டால் ஃபோர்மேனுக்கோ மேலாளருக்கோ பேசுங்கள். அந்த எண்களைச் சீசனுக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

உதவி கேட்கும்போது வாட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள். அதிலிருந்து 108-ஐ அழைக்க முடியாது. தீயணைப்புக்கான 101-ஐயும், எல்லா அவசரத்துக்குமான 112-ஐயும்கூட அழைக்க முடியாது. வாட்ஸ்அப் அழைப்பு இன்னொரு வாட்ஸ்அப் கணக்குக்கு மட்டுமே போகும். சாதா டயலரில்தான் கூப்பிட வேண்டும். ஊர், ஆலையின் பெயர், பக்கத்து பஸ் ஸ்டாப் ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். வீட்டில் வாட்ஸ்அப் மட்டுமே தெரிந்த பாட்டி இருந்தால், அவர் போனில் பச்சை ஐகானுக்குப் பக்கத்திலேயே டயலரையும் இழுத்து வைத்து, ஒருதடவை தொட்டுக் காட்டிவிடுங்கள்.