தோற்ற கார்களின் காலம்

கார்ப் பந்தயத்தின் பழைய காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் என் வயதுக்காரர்கள் லேசில் நிறுத்துவதில்லை. “அப்பல்லாம் கார் காரா இருந்துச்சு” என்று தொடங்கி, “இப்ப எல்லாத்துக்கும் ரூல்” என்பதில் வந்து முடிப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். கோவையில் எஞ்சின் ரீபோர் பட்டறை நடத்தியவன். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வந்த அமெரிக்க மோட்டார் பத்திரிகைகளில் ‘கேன்-ஆம்’ படங்களைப் பார்த்துப் பார்த்துத் தொழிலில் ஆசை வளர்த்தவன். ஆனால் அந்தக் காலம் ஏன் நன்றாக இருந்தது என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒத்துவருவதில்லை.

கேன்-ஆம் என்பது கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய தொடர். 1966 செப்டம்பரில் கியூபெக் மாகாணத்தின் மோன் ட்ராம்ப்ளான் மைதானத்தில் முதல் பந்தயம். ஜெயித்தவர் ஜான் சர்ட்டீஸ். அந்த வருஷத்துப் பட்டமும் அவருக்கே. விதிகள் சொற்பம். காரில் இரண்டு சீட் இருக்க வேண்டும், சக்கரங்களை பாடி மூடியிருக்க வேண்டும், பாதுகாப்புக்கென்று சில அடிப்படைகள் வேண்டும். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? மேல் வரம்பே கிடையாது. அதே ஆண்டில் ஃபார்முலா ஒன் கார்களுக்கு 3 லிட்டர் என்று கோடு போட்டிருந்தார்கள். இங்கே செவர்லே வி-8 எஞ்சின்கள் ஆறு லிட்டர், ஏழு லிட்டர் என்று ஊதிக்கொண்டே போய் 1971-ல் எட்டைத் தாண்டின. எட்டு சிலிண்டருக்கு எட்டு லிட்டர். ஒரு சிலிண்டரே ஒரு லிட்டர். என் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த மாருதி 800-ன் மூன்று சிலிண்டரையும் கூட்டினாலும் 796 சிசிதான்.

இந்தக் கார்களை இன்றைக்கும் நேரில் பார்க்கலாம். ஆகஸ்ட் மாதத்தில் கலிஃபோர்னியாவின் லகூனா செக்கா மைதானத்தில் பழைய பந்தயக் கார்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். மகன் அந்தப் பக்கம் வேலையில் இருப்பதால் எனக்கும் வாய்த்தது. வண்டிகளின் பக்கத்திலேயே போய் நிற்க விடுகிறார்கள் என்பதுதான் விசேஷம். ஆரஞ்சு நிற மெக்லாரன் ஒன்றின் பின்மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். எஞ்சினுக்கு மேலே காற்றுக் குழல்கள் எட்டும் வாயை விரித்து வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஃபில்டர் இல்லை, மூடியும் இல்லை. ஒரு கல் விழுந்தால் நேரே உள்ளேதான். மெக்கானிக் ஸ்டார்ட் செய்தார். ஐடிலிங் சீராக இல்லை; நின்றுவிடுமோ என்று திக்கித் திக்கி ஓடியது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சத்தம் காதுக்கு வரும் முன்பே நெஞ்சில் அறைந்தது. பேரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “அப்பாரு, இதுக்கு சைலன்சரே கெடையாதா?” என்றான். “கெடையாது சாமி. வெச்சா அப்புறம் யாரு வந்து பாப்பாங்க?” என்றேன்.

எங்கள் கட்சிக்காரர்கள் இந்தச் சத்தத்தோடும் குதிரைசக்தியோடும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் காலத்தில் பிடித்தது வேறு. வித்தியாசமாக யோசித்தவனுக்கு, “கொண்டுவா, ஓட்டிப் பார்ப்போம்” என்று சொன்ன ஒரே பெரிய பந்தயம் அது.

டெக்சாஸ் மாநிலம் மிட்லண்டில் ஜிம் ஹால் என்று ஒருவர். ‘சாப்பரல்’ என்ற பெயரில் கார் கட்டியவர், தானே ஓட்டவும் செய்தவர். 1966-ல் அவர் கொண்டுவந்த 2இ காரின் பின்னால் இரண்டு கால்களின் மேல் ஆளுயரத்தில் ஓர் இறக்கை. விமானத்தின் இறக்கை தூக்கும்; இது கவிழ்த்து வைத்தது, காரைத் தரையோடு அழுத்தும். அந்தக் கால்களை அவர் பாடியில் நிறுத்தவில்லை, நேராகப் பின்சக்கரத்தின் சஸ்பென்ஷன் மேலேயே நிறுத்தினார். அழுத்தம் ஸ்பிரிங்கை நசுக்காமல் டயருக்கே போய்ச் சேர்ந்தது. நேர்ச்சாலையில் இறக்கை இப்படி நின்றால் காற்று பிடித்து இழுக்குமே? அதற்கும் வழி வைத்திருந்தார். அவருடைய கியர்பாக்ஸுக்கு கிளட்ச் பெடல் தேவையில்லை, இடது கால் சும்மாதான் இருக்கிறது. அந்தக் காலுக்கு ஒரு பெடல். மிதித்தால் இறக்கை தட்டையாகும், வளைவு வந்ததும் காலை எடுத்தால் சாய்ந்து நின்று அழுத்தும். அந்த வருஷம் லகூனா செக்காவில் ஃபில் ஹில் இதை ஓட்டி ஜெயித்தார். 2இ வென்ற ஒரே கேன்-ஆம் பந்தயம் அதுதான்.

1970-ல் வந்த 2ஜே இன்னும் ஒரு படி மேல். இறக்கை வேலை செய்ய வேகம் வேண்டும். மெதுவான வளைவில், பிடிப்பு அதிகம் தேவைப்படுகிற இடத்தில், அதனால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. ஹால் காரின் பின்னால் இரண்டு பெரிய விசிறிகளை வைத்து, அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளினார். விசிறிகளைச் சுற்ற, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் தனியாக. வெளிக்காற்று உள்ளே புகாமலிருக்கச் சுற்றிலும் தரையை ஒட்டித் தொங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் தட்டிகள். கார் நின்றுகொண்டிருந்தாலும் தரையைக் கவ்விக்கொள்ளும்! லகூனா செக்கா தகுதிச் சுற்றில் விக் எல்ஃபோர்ட் மற்ற எல்லோரையும்விட 1.8 விநாடி வேகமாகச் சுற்றி வந்தார். ரிவர்சைட் மைதானத்தில் 2.2 விநாடி. பந்தயத்தில் இவையெல்லாம் யுகங்கள். ஆனால் ஜெயித்ததா? ஒன்றில்கூட இல்லை. லகூனா செக்காவில் எஞ்சின் போனதால் பந்தயத்துக்கே வரவில்லை. ரிவர்சைடில் விசிறியைச் சுற்றும் சின்ன எஞ்சின் கைவிட்டது. பின்னால் வருபவர்கள் மேல் தூசியையும் கல்லையும் வாரி இறைக்கிறது என்று புகார் வேறு. அந்த வருஷக் கடைசியில் தடை. ‘அசையும் காற்றியக்கச் சாதனம்’ என்பது சொல்லப்பட்ட காரணம். விதியே இல்லாத பந்தயம் என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள்.

அதே 1970-ல் நான்கு ஸ்னோமொபைல் எஞ்சின் வைத்த ஒரு காரும் வந்தது. பந்தயத்துக்குத் தகுதிபெறவே இல்லை. எனக்கு என்னவோ அதன் மேல் தனிப் பிரியம்.

இனி மறுபக்கம். ஜெயித்தவர்கள் யார் என்று பார்த்தால், பார்க்கக் கொஞ்சம் சலிப்பான தொடர்தான் இது. 1969-ல் பதினோரு பந்தயம். ஆறு புரூஸ் மெக்லாரனுக்கு, ஐந்து அவருடைய அணியின் டெனி ஹல்முக்கு. மற்றவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை. 1970 ஜூன் 2-ம் தேதி இங்கிலாந்தின் குட்வுட்டில் புதிய காரைச் சோதித்தபோது பின்பக்க பாடி கழன்றுகொண்டதில் மெக்லாரன் இறந்துபோனார். வயது 32. ஹல்முக்கு அதற்கு முந்தின மாதம்தான் இண்டியானாபொலிஸில் தீப்பிடித்து இரண்டு கையும் வெந்திருந்தது. அந்தக் கைகளோடு, கட்டுப் போட்டுக்கொண்டு, ஜூன் 14-ல் மோஸ்போர்ட் பந்தயத்தில் ஓட்டி மூன்றாவதாக வந்தார். அந்த வருஷப் பட்டத்தையும் எடுத்தார். இதைச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்குக் கண் கலங்கும். எனக்கும்தான். ஆனாலும் கழன்றுகொண்ட அந்த பாடியையும் சேர்த்து ‘நல்ல காலம்’ என்று சொல்ல மனசு வரவில்லை.

பிறகு போர்ஷே வந்தது, பணத்தோடும் டர்போவோடும். 1972-ல் போர்ஷேயை ஓட்டிய ரோஜர் பென்ஸ்கி அணியின் மார்க் டொனஹ்யூ அடிபட்டுப் படுத்ததும் ஜார்ஜ் ஃபோல்மர் உட்கார்ந்து பட்டத்தைத் தூக்கினார். மெக்லாரன் அணி அந்த வருஷத்தோடு ஒதுங்கிக்கொண்டது. 1973-ல் வந்த போர்ஷே 917/30 காரில் 5.4 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு டர்போ. பந்தயத்துக்கு 1,100 குதிரைசக்தி. டர்போ அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருகு. மெக்கானிகல் எஞ்சினியரிங் படித்த டொனஹ்யூவுக்கு அந்தத் திருகு வாகாக அமைந்தது. அந்த ஆண்டின் எட்டுப் பந்தயங்களையும் போர்ஷேதான் வென்றது. அதில் ஆறு அவருடையவை. வரம்பு வைக்காத இடத்தில் கடைசியில் பணப்பைதான் வரம்பு. இதை ஒப்புக்கொள்ளாமல் அந்தக் காலத்துக்கு ஏங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஆண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடி. 1974-க்கு, ஒரு கேலனுக்குக் குறைந்தது 3 மைல் ஓட வேண்டும் என்று விதி போட்டார்கள். லிட்டருக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே அந்தக் கார்களுக்குக் கஷ்டம்! போர்ஷேயும் விலகிக்கொள்ள, ஷேடோ அணியின் ஜாக்கி ஆலிவர் பட்டம் வாங்கினார். ஐந்து பந்தயங்களோடு தொடரை முடித்துக்கொண்டார்கள். அதே பெயரில் பிற்பாடு ஒன்று நடத்தினார்கள். அது வேறு கதை.

ஜெயித்த கார்களைப் பற்றி எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் தொடர்ந்து கவனித்துவருவது தோற்றுப்போன அந்த 2ஜே-யின் யோசனையை. 1978-ல் ஸ்வீடனில் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயம். பிரபாம் அணி பின்னால் விசிறி வைத்த காரைக் கொண்டுவந்தது. குளிரூட்டத்தான் விசிறி என்று சாதித்தார்கள். நிக்கி லாடா ஜெயித்தார். ஒரே பந்தயத்தோடு அதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காரை வடிவமைத்த கார்டன் மர்ரே, 2020-ல் டி.50 என்று ஒரு சாலைக் காரை அறிவித்தார். அதன் பின்புறத்தில் 40 செ.மீ. விசிறி ஒன்று இருக்கிறது, காற்றை உறிஞ்சத்தான் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு வராத கார் என்பதால் தடைபோடவும் யாரும் இல்லை.