எலும்புத் தசையின் அமைப்பும் செயற்பாடும்

முன்னுரை

மனித உடலில் இதயத் தசை, மென்தசை, எலும்புத் தசை என மூவகைத் தசைகள் உள்ளன. இவற்றுள் நம் விருப்பத்திற்கேற்ப இயங்குவது எலும்புத் தசை ஆகும். 600க்கும் மேற்பட்ட இத்தசைகள் உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எனலாம். முதுமையில் ஒருவர் பிறர் துணையின்றி எழவும் நடக்கவும் இயலுமா என்பதைப் பெருமளவில் முடிவு செய்வனவும் இவையே. ஆகவே, இவற்றின் இயல்பை அறிவது அனைவர்க்கும் இன்றியமையாததாகும்.

அமைப்பு

மேற்கையிலுள்ள இருதலைத் தசையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் முனைகள் உறுதியான தசைநாண்களால் எலும்புகளோடு பிணைக்கப்பட்டுள்ளன. தசையினுள் கற்றைகளும், ஒவ்வொரு கற்றையினுள்ளும் தசையிழைகளும் அமைந்துள்ளன. ஒரு தசையிழை என்பது பல உட்கருக்களைக் கொண்ட ஒரே உயிரணு. அதனுள் நெடுக்காக அடுக்கப்பட்டிருக்கும் நுண்ணிழைகள், சார்கோமியர் எனப்படும் சிறு அலகுகளின் தொடர்களாகும். ஓர் அலகின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 500 அலகுகள் அடங்கும். ஒவ்வோர் அலகிலும் ஆக்டின் எனும் மெல்லிய புரத இழைகளும் மயோசின் எனும் தடித்த புரத இழைகளும் ஒன்றனிடையே ஒன்றாக அமைந்துள்ளன. நுண்ணோக்கியில் இவ்வமைப்பு வரிவரியாகத் தோன்றுவதால் இதனை வரித்தசை என்றும் அழைப்பர்.

சுருக்கமும் தளர்வும்

தசை சுருங்கும்போது இவ்விழைகளும் மடிந்து குறுகுகின்றன என்ற கருத்து முன்பு நிலவியது. 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஓர் அணியாகவும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றோர் அணியாகவும் 'நேச்சர்' இதழில் வேறு விளக்கம் தந்தனர். இழைகளின் நீளம் மாறுவதில்லை. அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால்தான் தசை குறுகுகிறது என்பதே அவ்விளக்கமாகும்.

நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் சுரந்தவுடன், தசையிழையினுள் கால்சியம் அயனிகள் வெளிப்படுகின்றன. அவை ஆக்டினை மூடியிருக்கும் புரதத்தை விலக்க, மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. பற்றிய பிடியை விடுவதற்கு ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறு தேவை. இறந்தபின் உடல் விறைப்பதற்கு இதுவே காரணம்: ஏடிபி தீர்ந்துவிடுவதால் பிடி தளர்வதில்லை. தசையால் இழுக்க மட்டுமே இயலும், தள்ள இயலாது. எனவே, மடக்க ஒரு தசையும் நீட்ட அதற்கெதிரான மற்றொரு தசையும் இணையாக இயங்குகின்றன.

தேய்வும் மீட்சியும்

நடுவயதிற்குப் பின் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. குறிப்பாக, விரைவாகச் சுருங்கும் இழைகள் மிகுதியாக மெலிகின்றன. கால் இடறும்போது உடலை நொடியில் நிலைநிறுத்த இவ்விழைகள் பெரிதும் உதவுவதால், அவை மெலியும்போது முதியோர் விழும் வாய்ப்பு மிகுகிறது. இத்தேய்வுக்கு 1980களின் இறுதியில் இர்வின் ரோசன்பெர்க் சார்கோபீனியா எனப் பெயரிட்டார். 2016இல் அமெரிக்காவின் நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனிக் குறியீடு வழங்கப்பட்டது.

ஆயினும் இத்தேய்வு முற்றிலும் மீளாத ஒன்றன்று. முதிர்ந்த தசையிழை பிரிந்து பெருகாது எனினும், அதனை ஒட்டித் துணை உயிரணுக்கள் உள்ளன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்த இவை, தேவை எழும்போது பெருகி, இழையோடு இணைந்து அதற்குப் புதிய உட்கருக்களை அளிக்கின்றன. சுமைக்கு எதிராக இயங்கும் தசையில் புரத உருவாக்கமும் கூடுகிறது. 1990இல் மரியா ஃபியாத்தரோனே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 90 வயதுடைய, நலிவுற்ற 10 பேர் எட்டு வாரம் கால்களுக்கான எடைப்பயிற்சி மேற்கொண்டனர். பயிற்சியை நிறைவு செய்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

முடிவுரை

பெற்றோர் முதுமையடைந்ததும் எவ்வேலையும் செய்யவிடாது அமர்த்தி வைப்பதை நாம் அன்பின் அடையாளமாகக் கருதுகிறோம். ஆனால், வேலையற்ற தசை மெலியும் என்பதே அதன் இயற்கை. மருத்துவரின் அறிவுரையோடு நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமர்வதும், படியேறுவதும், அளவான சுமை தூக்குவதும் அவர்கள் தம் காலில் நிற்கத் துணைபுரியும். அவற்றைச் செய்யவிடுவதும் அன்பேயாகும்.