பனிக்கோடாரிக்கு ஒரு வார்: முதன்முறை ஏறுகிறவர்கள் கவனத்திற்கு

தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு பனிமலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகப் பெருமக்கள் கேட்கலாம். பூமிக்குள்ளே 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, கொதிக்கும் பாறையில் வேலை செய்த பரம்பரை நம்முடையது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. கீழே இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இப்போது மேலே ஏறப் புறப்பட்டிருக்கிறார்கள்.

கோலாரை ஒட்டிய அந்தரகங்கை மலையில் பாறை ஏறிப் பழகிய பையன் ஒருவன், உத்தரகாசிப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் ராபர்ட்சன்பேட்டையில் என் கயிற்றுக் கடைக்கு வந்தான். "தாத்தா, ஐஸ் கோடாரிக்கு லீஷ் வேணும். வெளிநாட்டு சாமான் நாலாயிரம், அஞ்சாயிரம்னு சொல்றாங்க. உங்ககிட்ட மலிவா ஏதாச்சும் இருக்கா?" என்றான். தகப்பனார் தினமும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்கிறவர். நைலான் கயிற்றில் இரண்டு கெஜம் வெட்டப் போனேன். கத்தரியை எடுத்த கை நின்றுவிட்டது. இந்தக் கயிறு எதைத் தாங்க வேண்டும் என்று எனக்கே தெரியாதே! "ரெண்டு நாள் கழிச்சு வா தம்பி" என்று அனுப்பிவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். படித்ததன் சாரம் இது.

லீஷ் எதற்கு?

கிணற்றில் வாளி தவறினால் பாதாளக்கரண்டி போட்டு எடுத்துவிடலாம். பனிச்சுவரில் கோடாரி தவறினால் எடுக்க வழியில்லை. மேலே நிற்பவன் ஆயுதமில்லாமல் மாட்டிக்கொள்வான். கீழே நிற்பவன் தலையில் அது விழும். ஆகவே கோடாரியை உடம்போடு பிணைக்கும் வார்தான் லீஷ்.

இதில் இரண்டு வகை உண்டு. மணிக்கட்டில் மாட்டுவது பழைய வகை. உடல் பாரம் மணிக்கட்டில் தொங்குவதால் முன்கை சீக்கிரம் சோராது. ஆனால் இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும். பனியில் திருகாணி பொருத்தக் கையை விடுவிப்பதும் சிரமம். இரண்டாவது வகை, இடுப்புக் கச்சையிலிருந்து இரண்டு கோடாரிகளுக்கும் கவையாகப் பிரிந்து போகும் எலாஸ்டிக் வார். கை சுதந்திரமாக இருக்கும். கோடாரி நழுவினாலும் தொங்கும். இன்றைய கோடாரிகளின் வளைந்த பிடியில் கை நன்றாக உட்காருவதால், மணிக்கட்டு வாரின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

எவ்வளவு தாங்கும்?

நான் வெட்டப் போன கயிற்றின் ஆபத்து இங்கேதான் விளங்கியது. மலையேறும் கொக்கியில் 20 கிலோநியூட்டன் அல்லது அதற்கு மேல் பொறித்திருப்பார்கள். ஏறத்தாழ 2,000 கிலோ எடை. எலாஸ்டிக் வார்கள் பலவற்றில் 2 கிலோநியூட்டன்தான், அதாவது சுமார் 200 கிலோ. விழுகிற மனிதனின் இழுப்பு அதை எளிதில் மிஞ்சும். ஆகவே லீஷ் கோடாரியைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பது பிரதானக் கயிறு ஒன்றே. விலை கூடிய லீஷ் வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் அதில் தொங்கினாலும் ஆபத்துதான்.

சிக்கனமாக வாங்கும் முறை

1. முதலில் வாங்காதீர்கள். 1954-இல் தொடங்கிய டார்ஜிலிங் நிறுவனமும், 1965-இல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனமும் பயிற்சிக்கு வேண்டிய கருவிகளைத் தாங்களே தருகின்றன. ஆசிரியர் சொல்லும் முறையில் பழகிய பிறகே சொந்தமாக எது தேவை என்று தெரியும்.

2. நீளம் பார்க்க வேண்டும். கச்சையில் மாட்டி, கோடாரியோடு கையை முழுவதும் உயர்த்தினால் வார் இழுபடக்கூடாது. கையைத் தாழ்த்தினால் காலணி முட்களில் சிக்கும் அளவுக்குத் தொங்கவும் கூடாது.

3. சுழலும் வளையம் இருந்தால் இரண்டு வாரும் முறுக்கிக்கொள்ளாது. வசதிதான், ஆனால் விலை ஏறும். தொடக்கக்காரர் அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

4. சொந்தமாகச் செய்வதானால் மலையேற்றக் கடையில் விற்கும் நைலான் டேப்பையே வாங்குங்கள். தையற்கடையில் தைக்காமல் டேப் முடிச்சுப் போட்டு, நுனி இரண்டும் 3 அங்குலமாவது நீட்டி விடுங்கள். முடிச்சு தானே தளரக்கூடியது. ஒவ்வொரு முறையும் பாருங்கள். முடித்ததை ஆசிரியரிடம் காட்டாமல் பயன்படுத்த வேண்டாம். டைனீமா நூல் வழுக்கும், முடிச்சு நிற்காது.

5. துணி காயப்போடும் கயிறு, சாவிக்கொத்துக் கொக்கி, வயது தெரியாத பழைய வார் ஆகியவை இலவசமாய் வந்தாலும் வேண்டாம். வெயில் நைலானை உள்ளுக்குள் தின்றுவிடும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்.

எலாஸ்டிக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. விழும்போது கோடாரி பனியில் மாட்டியிருந்தால், வார் இழுபட்டு அதை முகத்தை நோக்கித் தெறிக்க வைக்கலாம். தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது.

பையன் திரும்பி வந்தபோது நான் ஒன்றும் விற்கவில்லை. "இப்போ ஒண்ணும் வாங்காதே தம்பி. அங்கே குடுக்கிறதை வாங்கிப் பழகு" என்றேன். "அப்ப உங்களுக்கு வியாபாரம்?" என்று சிரித்தான். சுரங்கத்தில் கூண்டைத் தூக்கிய இரும்புக்கயிற்றைத் தினமும் சோதித்த பிறகே ஆட்களை இறக்குவார்கள். அவன் தாத்தா அந்தக் கூண்டில் போய் வந்தவர். கயிறு விற்கிறவனுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்பது என் எண்ணம். நம் பிள்ளைகள் எங்கே போனாலும், கையிலுள்ள கயிறு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு போகட்டும்.